வலையில் நிற்காதவை

கல்யாணப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்களுக்கு இந்த ஊரில் தெரிந்தவர் ஒருவர் இருந்துவிட்டால், அன்றைய மதியச் சாப்பாடு அவர் வீட்டில்தான். கல்யாணமாகிச் செவிலிமேட்டுக்கு வந்ததிலிருந்து என் உறவுக்காரர்கள், அவர்களுடைய உறவுக்காரர்கள் என்று பலருக்குச் சாம்பார் வைத்திருக்கிறேன். போன கார்த்திகையில் வந்தவள் என் கல்லூரித் தோழி. அவளுக்குத் தை மாதம் கல்யாணம்.

அவள் வருகிறாள் என்று தெரிந்ததிலிருந்தே எனக்கு வீட்டில் எதைப் பார்த்தாலும் குறையாக இருந்தது. திரைச்சீலைகளைத் துவைத்தேன். குழந்தை கிரேயானால் கிறுக்கிய சுவரை ஈரத்துணியால் துடைத்து, கிறுக்கலை இன்னும் அகலமாக்கினேன். கணவர் பார்த்துவிட்டு, "உன் ஃப்ரெண்டு வராங்களா, இன்ஸ்பெக்‌ஷன் வராங்களா?" என்றார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

நானும் அவளும் கடல் உயிரியல் படித்தவர்கள். இருவருக்கும் ஒரே மேஜை, ஒரே நுண்ணோக்கி. படிப்பு முடிந்த வருடம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஓர் ஆய்வகத்தில் ஒரு திட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள். கரையோரக் கடல்நீரின் உப்பும் வெப்பமும் கலங்கலும் மாற மாற, அதில் மிதந்து வாழும் கண்ணுக்குத் தெரியாத தாவரங்கள் எப்படி மாறுகின்றன என்று மாதந்தோறும் பார்க்கும் வேலை. இருவரும் நேர்முகத் தேர்வுக்குப் போனோம். இருவரையும் எடுத்தார்கள். சேர வேண்டிய வாரத்தில் எனக்குத் தண்ணீர் குடித்தாலும் வாந்தி வந்தது. கல்யாணமாகிச் சில மாதம், வயிற்றில் குழந்தை. படகில் ஏறிப் போகிற வேலை அது. அவள் போனாள், நான் போகவில்லை. நடந்தது இவ்வளவுதான், இதில் யார் மேலும் தப்பில்லை. தப்பு யார் மேலும் இல்லாததால் கோபப்படவும் ஆளில்லாமல் போயிற்று.

அவள் போனில் வைக்கும் ஸ்டேட்டஸ்களில் விடியற்காலைக் கடல் வரும், ஆரஞ்சு நிற மிதவை அங்கி வரும், வாளியில் பச்சைத் தண்ணீர் வரும். நான் பார்த்தது அவளுக்குத் தெரியக் கூடாது என்று போனில் ஏதோ ஒன்றை மாற்றி வைத்தேன். பிறகு, இவள் பார்ப்பதே இல்லை போலிருக்கிறதே என்று அவள் வருத்தப்படுவாளோ என்று பழையபடி மாற்றினேன். அப்புறம் இரண்டு நாளைக்கு வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு செய்கிற வேலையா இது என்று எனக்கே தோன்றும்.

அன்று அவள் தன் அம்மாவோடு காரில் வந்து இறங்கினாள். முதல் நாள்தான் கடலுக்குப் போய் வந்திருந்தாள். ஆய்வகம் விடுமுறை என்பதால் மாதிரிகள் வைத்த ஐஸ் பெட்டியும் கூடவே வந்தது. முகமும் முன்கைகளும் வெயிலில் காய்ந்து கறுத்திருந்தன.

"பாரும்மா இவள," என்று அவள் அம்மா வாசலிலேயே என்னிடம் முறையிட்டார். "கல்யாணப் பொண்ணு மாதிரியா இருக்கா? கருவாடு மாதிரி இருக்கா. இந்த மாசமாச்சும் போட்டுல ஏறாதடின்னா கேக்கறாளா?"

என் மாமியார் பெட்டியைப் பார்த்தார். "இன்னாம்மா அது, மீனா?"

"இல்ல ஆன்ட்டி, கடல் தண்ணி."

"தண்ணிக்கா ஐஸ் வெச்சிக்கினு வந்த?" என்று மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். இதைப் படிப்பதற்குத்தானா உங்களை அவ்வளவு தூரம் அனுப்பினார்கள் என்கிற பார்வை அது.

தோழி சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்தாள். மற்றவற்றில் அயோடின் ஊற்றியிருந்ததால் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. அயோடின் பட்டதும் உயிர்கள் அந்தக் கணத்திலேயே நின்றுவிடும். பிறகு எப்போது எண்ணினாலும் அந்த நாளின் கணக்குதான். இந்த ஒரு குப்பி மட்டும் வெறும் தண்ணீர். உயிரோடு பார்ப்பதற்காக வைத்திருந்தாள். அதை என் மகள் கையில் கொடுத்து, "பாரு, கடல். கடலப் பிடிச்சிக்கோ," என்றாள். யார் தூக்கினாலும் அழுகிற என் மகள், அவள் மடியில் ஏறி உட்கார்ந்து குப்பியை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு வயதுப் பிள்ளையின் சிரிப்புக்குக் கூடவா கணக்குப் பார்ப்பாய் என்று என்னை நானே திட்டிக்கொண்டு அப்பளம் பொரிக்கப் போனேன்.

சாப்பிடும்போது பேச்சு, படகிலிருந்து இறக்கி நுண்தாவரங்களை அரித்தெடுக்கும் வலையைப் பற்றிப் போயிற்று. அந்தக் காலத்தில் இந்த மிதவை வலைகளைப் பட்டுத் துணியில்தான் தைப்பார்கள் என்று எங்கள் பேராசிரியர் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. இப்போதெல்லாம் நைலான்.

"அப்ப இங்கயே ஒரு வலை எடுத்துடலாம்மா," என்றாள் அம்மாவிடம். "முகூர்த்தத்துக்கும் ஆச்சு, கடலுக்கும் ஆச்சு."

"ஜரிக பார்டர் வெச்சா?" என்றார் அவள் அம்மா. என் மாமியார் கூடச் சிரித்துவிட்டார்.

பிறகு அவள் என்னிடம் சொன்னாள். "இந்த வாட்டி வலைல ஒண்ணுமே இல்லடி. போன மாசம் டயட்டம் சங்கிலி சங்கிலியா வந்துது. இப்ப வெறும் சேறு. மழை அப்படியே தொடைச்சி விட்டுட்டுப் போயிடுச்சி. வர்ற வாரம் ப்ராஜெக்ட் ரிவ்யூ இருக்கு. வெள்ளத் தண்ணி வந்தா கடல் காலியாயிடுதுன்னு தான் சொல்லப் போறேன்."

டயட்டம் என்பது கண்ணாடிக் கூடு கட்டிக்கொண்டு வாழும் நுண்தாவரம். ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மிதக்கும். கல்லூரியில் அதை வரைவதில் நான்தான் அவளைவிடக் கெட்டி. அவள் வலை காலியாக வந்தது என்றதும் என் மனதுக்குள் சின்னதாக ஓர் இனிப்பு. அடுத்த வாயில் அவள் சொன்னாள்: "மாப்ள வீட்ல சொல்லிட்டாங்க, வேலைய விட வேணாம்னு. டெலிவரிக்கு அப்புறமும் போவலாமாம்." இனிப்பு போயிற்று. ரசம் வேண்டுமா என்று கேட்டேன்.

புடவைக் கடைக்கு நானும் போனேன். கடைக்காரர் அவள் தோளில் புடவைகளைப் போட்டுப் போட்டு எடுத்தார். அந்தக் கறுத்த முகத்துக்கு எல்லா நிறமும் எடுப்பாக இருந்தது. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உண்மையாகவே நன்றாக இருந்தது. அதுதான் கஷ்டம்.

அவர்கள் போய்ச் சில நாள் கழித்து மாமியார் சமையலறை ஜன்னல் திரையை விலக்கிக் கேட்டார். "ஏம்மா, இது இன்னா பாட்டிலு? செடிக்கு ஊத்திடட்டா?"

மகள் விளையாடிய குப்பி. தோழி மறந்து விட்டுப் போயிருக்கிறாள். "ஐயோ அத்தை, வேணாம். அது உப்புத் தண்ணி, துளசி போயிடும்," என்று கையிலிருந்து வாங்கினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது தண்ணீரில் லேசாகப் பச்சை ஓடியிருந்தது.

என்னிடம் ஒரு நுண்ணோக்கி உண்டு. இரண்டாம் வருடத்தில் அப்பா வாங்கிக் கொடுத்தது. என் கல்யாணச் சீரில் கிரைண்டருக்கும் பீரோவுக்கும் நடுவே அதையும் வைத்தார்கள். வந்தவர்கள் தையல் மெஷினா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அது பரணில்தான். மாமியார் கோயிலுக்குப் போன பிறகு, மகளைத் தூங்க வைத்துவிட்டு, நாற்காலி போட்டு ஏறி அதை இறக்கினேன். கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருக்குமோ என்று பயந்தேன். பிடிக்கவில்லை. ஒரு துளியை வைத்துப் பார்த்தேன்.

காலி இல்லை. திரும்பிய பக்கமெல்லாம் கூட்டம். கடுகளவு என்று சொன்னால் கூட அது பெரிய பொய். அவ்வளவு சின்ன உயிர்கள், வாலை அடித்துக்கொண்டு வட்டத்தின் இந்த ஓரத்தில் நுழைந்து அந்த ஓரத்தில் மறைந்தன. எவ்வளவு நாளாயிற்று. கொஞ்ச நேரத்துக்கு எனக்குத் தோழி நினைவே வரவில்லை.

பிறகு வந்தது. வலையின் கண் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். கோத்துக்கொண்டு மிதக்கும் பெரிய டயட்டங்கள் அதில் நிற்கும். இவை நிற்காது, தண்ணீரோடு தண்ணீராக வெளியே போய்விடும். மழைக்கு முன்னால் பெரியவைதான் அதிகம். அதனால் வலையை மட்டும் நம்பினால் போதும் என்று தோன்றும். அந்த மாதம் எங்கள் பாலாற்றில் வெள்ளம் போயிற்று. மற்ற நாளெல்லாம் மணலாகக் கிடக்கும் ஆறு. பாலத்தில் நின்று மகளுக்குக் காட்டினோம். வயலின் உரத்தையும் ஏரிகளின் வண்டலையும் ஊர்ச் சாக்கடையையும் இழுத்துக்கொண்டு அது கடலுக்குத்தான் போனது. கடலில் உப்பு குறையும். தண்ணீர் கலங்கி வெளிச்சம் உள்ளே இறங்காது. நைட்ரேட், சிலிக்கேட் போன்ற சத்துகள் கூடும். அந்த மாற்றத்தைத் தாங்காதவை போகும், தாங்குகிறவை வந்து உட்காரும். பெரும்பாலும் சின்னவை. தண்ணீர் தெளிந்து உப்பு ஏறிய பிறகு டயட்டங்கள் அந்தச் சத்தைத் தின்று மறுபடி பெருகும். கடல் காலியாகவில்லை. ஆள் மாறியிருக்கிறது. அவள் எல்லோர் முன்னாலும் நின்று காலி என்று சொல்லப் போகிறாள்.

சொல்ல வேண்டும் என்று முதலில் நினைத்தேன். சொல்லாவிட்டால் என்ன என்று அடுத்து நினைத்தேன். அவளுக்குப் படகு இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது, வேலையை விட வேண்டாம் என்கிற மாமியார் வீடு இருக்கிறது. ஒரு தடவை அவள் தடுமாறினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இப்படி நினைத்தபோது எனக்கு உண்மையாகவே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அதற்குள் இன்னொரு சந்தேகம். நான் பார்த்தது கடலையா, குப்பியையா? அயோடின் போடாத தண்ணீர், வெயில் விழுகிற ஜன்னலில் இத்தனை நாள் மூடிக் கிடந்தால் அதற்குள் வேறு கதை நடந்துவிடும். கடலில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்தது கூட ஒரு குப்பிக்குள் பெருத்துக் கூட்டமாகிவிடும். இது முதல் பருவத்திலேயே சொல்லிக் கொடுத்த பாடம். அவள் தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட கண்ணால்தானே நான் துளியைப் பார்த்தேன்? போனில் செய்தி அடித்தேன், அழித்தேன். "சும்மா ஒரு டவுட்" என்று ஆரம்பித்தேன். சும்மா இல்லையே என்று அதையும் அழித்தேன்.

"யாருக்கும்மா அடிச்சி அடிச்சி அழிக்கற?" என்று மாமியார் கேட்டார். "கடங்காரனுக்கா?"

ரிவ்யூவுக்கு இரண்டு நாள் முன்பு, மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே அவளைக் கூப்பிட்டேன். குப்பியில் பார்த்ததைச் சொன்னேன். அது ஜன்னலில் கிடந்ததையும் சொன்னேன். "எது கடல்ல இருந்துது, எது பாட்டில்ல வளந்துதுன்னு எனக்குத் தெரியாதுடி. ஆனா நீ வலைய மட்டும் வெச்சி காலின்னு சொல்லாத. அயோடின் போட்ட பாட்டில படிய வெச்சி எண்ணினியா?"

"இன்னும் இல்ல," என்றாள். "கல்யாண வேலைல எங்கடி டைமு. வலை சாம்பிள் மட்டும் தான் முடிச்சேன்." பிறகு குரல் மாறியது. "நீ எப்பவுமே இப்படித்தான். நான் ஒண்ணு முடிச்சேன்னு சந்தோஷமா இருந்தா, எங்கயாவது ஒரு சந்தேகத்தத் தூக்கினு வருவ. காலேஜ்ல வைவா அன்னிக்குக் கூட அப்படித்தான் பண்ண."

"இல்லடி, நான் அதுக்கு சொல்லல..."

"சரி, வைக்கறேன்."

மகள் வாயைத் திறந்து காத்திருந்தாள். எதற்குச் சொன்னோம் என்று இருந்தது. தோழி சொன்னது பாதி உண்மையும் கூட. மீதிப் பாதியை எப்படி நிரூபிப்பது? அன்று முழுவதும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மறுநாள் மாலை ஒரு படம் வந்தது. அயோடின் போட்ட தண்ணீரை உயரமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஓர் இரவு அசையாமல் வைத்தால் எல்லாம் அடியில் படியும். அந்த அடிமண்டியை நுண்ணோக்கியில் பார்த்து எடுத்த படம். பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள், இடம் விடாமல். நடுவே ஆற்றுத் தண்ணீரிலிருந்து வந்த நீலப்பச்சைப் பாசியின் இழைகள்.

பின்னாலேயே போன் வந்தது. "நீ சொன்னது சரிடி. ஃபுல்லா இருக்கு. ஆனா நீ பாத்தியே வால் வெச்சது, அது இதுல ஒண்ணு ரெண்டுதான். அது உன் வீட்டு ஜன்னல்ல பொறந்தது."

அந்தத் திருத்தம் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அது என் கணக்கிலும் இருந்த சந்தேகம்தான். "உங்க ப்ராஜெக்ட் மேடம் கிட்ட சொல்லிட்டியா?" என்றேன்.

"சொல்லிட்டேன். நீதான் சொன்னன்னும் சொல்லிட்டேன். ரிவ்யூல காலின்னு போட வேணாம்னுட்டாங்க. தண்ணி தெளியற வரைக்கும் இன்னும் ரெண்டு மூணு வாட்டி போட்டுல போய் எடுத்துக்கினு வரச் சொன்னாங்க. வலையும் பாட்டிலும் சேத்து."

நான் வாயைத் திறந்ததற்கு அவளுக்குக் கிடைத்தது இன்னும் சில படகுப் பயணங்கள். விடியற்காலைக் கடல், ஆரஞ்சு அங்கி. எனக்கே சிரிப்பு வந்தது, ஆனால் நல்ல சிரிப்பில்லை.

"கேக்குதா?" என்றாள். "இந்தச் சின்னத எண்ணறதுக்கு எனக்குப் பொறுமை இல்லடி. கண்ணு போவுது. நீதான் கரெக்டு. சனிக்கெழமை சனிக்கெழமை வந்து எண்ணிக் குடுக்க முடியுமா? மேடமே கேக்கச் சொன்னாங்க."

"வீட்ல கேட்டுட்டு சொல்றேன்," என்றேன். எப்போதும் வாயில் தயாராக இருக்கிற வாக்கியம்.

கணவர் ஒரகடத்துக் கம்பெனியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டேன். பஸ் மாற வேண்டும், குழந்தை மதியம் தூங்க மாட்டாள், அத்தைக்கு முட்டி வலி, திரும்பி வர இருட்டிவிடும் என்று எல்லாத் தடைகளையும் நானே வரிசையாகச் சொன்னேன்.

"சனிக்கெழம எனக்கு லீவுதானே? போயேன்," என்றார்.

"பாப்பா அழுவாபா."

"அழுதா நான் பாத்துக்கறேன். மோர் சாதம் ஊட்டத் தெரியாதா எனக்கு?"

மாமியார் உள்ளிருந்து சொன்னார். "போய்ட்டு வரட்டும்டா. அந்தத் தண்ணி பாட்டில மொதல்ல எடுத்துக்கினு போவட்டும், ஜன்னல் தொடைக்கணும்."

இவ்வளவு சுலபமாகப் போய்விட்டதில் எனக்குக் கோபம்தான் வந்தது. முதலிலேயே இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்க வாய் வந்தது. ஆனால் முதலில் நான் கேட்டேனா என்பதும் சரியாக நினைவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

முதல் சனிக்கிழமை ஆய்வகத்தில் எனக்கு ஜன்னல் பக்க மேஜை கொடுத்தார்கள். அவள் அதற்குள் படகில் போய்விட்டிருந்தாள். அவள் நாற்காலியின் முதுகில் துப்பட்டா தொங்கியது. வழியெல்லாம் மகள் அழுகிறாளோ என்றே நினைத்துக்கொண்டு வந்தவள், கடல் தெரிந்த இடத்தில் அதை மறந்து, இந்நேரம் தோழி எந்த இடத்தில் வலையை இறக்கியிருப்பாள் என்று நினைத்தேன். பிறகு குனிந்து எண்ண ஆரம்பித்தேன். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட கண்ணாடித் தகடு. ஒரு வரிசை முடிந்தால் அடுத்த வரிசை. கட்டத்தின் கோட்டில் பட்டு நிற்பவற்றை இந்தப் பக்கம் சேர்ப்பதா, அந்தப் பக்கம் சேர்ப்பதா என்று ஒவ்வொன்றுக்கும் யோசித்தேன். வீட்டில் இந்தக் குணத்துக்கு நான் வாங்காத பேச்சில்லை. இங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மதியத்துக்கு முன்பு அவள் வந்துவிட்டாள். காலடியில் தண்ணீர் சொட்டியது. கையில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. முகம் இன்னும் கறுத்து, இன்னும் அழகாக இருந்தாள்.

"என்னடி இருக்கு? தள்ளு, பாக்கறேன்," என்று என் தோளுக்கு மேல் குனிந்தாள்.

கடல் வாசனை என் மேல் விழுந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் இரு," என்றேன். "இந்த வரிசை முடியட்டும்."

"ஒரு செகண்டுடி."

"இரு. நடுவுல விட்டா கணக்கு போயிடும்."

அது உண்மைதான். அவளுக்கும் தெரியும். ஈர உடையோடு என் பின்னால் நின்றாள். நான் தகட்டை அடுத்த கட்டத்துக்கு மெல்ல நகர்த்தினேன்.